கண்மாய் விராலுக்கு ராடு வாங்கணும்: ஸ்பின்னிங்கா, பெய்ட்காஸ்டரா?

புதுத்தூண்டில் (பள்ளத்தூர்)

எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் மூங்கில் கம்பும் தங்கூசி நரம்பும்தான் பழக்கம். இப்ப முதல் தடவையா ராடும் ரீலும் வாங்கப்போறேன். ரெண்டுக்கும் சேர்த்து 5,000 ரூபாய் வரை போடலாம்.

முக்கியமா கண்மாயில தவளை லூர் (ரப்பர் தவளை மாதிரி இருக்கிற செயற்கை இரை) போட்டு விரால் பிடிக்கணும். இடையில ஜிலேபி, கெண்டை. வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவை தொண்டிப் பக்கம் கடல். கடையில "விரால்னா பெய்ட்காஸ்டர் ரீல்தான்"ங்கிறாங்க. வீடியோக்கள்ல பாதிப் பேர் ஸ்பின்னிங் ரீல் வச்சிருக்காங்க. எது சரி, ஏன் சரின்னு காரணத்தோட சொல்லுங்கண்ணே.

---

செம்மண்சீமை

தம்பி, மீன் பேரை ஒதுக்கி வச்சுட்டு, எத்தனை கிராம் எறியப்போறீங்கன்னு முதல்ல எழுதி வச்சுக்கங்க. பாதிக் கேள்வி அதுலயே தீர்ந்துடும்.

ஸ்பின்னிங் ரீல்ல எறியும்போது ஸ்பூல் (நரம்பு சுத்தி வச்சிருக்கிற கட்டை) சுத்தாது. நரம்பு ஸ்பூல் விளிம்பு மேல வளையம் வளையமா உருவிக்கிட்டுப் போகும். காரைக்குடியில கண்டாங்கி நெய்யிற தறியைப் பார்த்திருப்பீங்க. நாடாவுக்குள்ள இருக்கிற தார்க்குச்சி சுத்தாது, நூல் மட்டும் அதோட நுனி வழியா கழண்டு வரும். அதே வேலைதான் இது. இந்த ரீலுக்கு 1905-ல காப்புரிமை வாங்கின இல்லிங்வொர்த்தும் இங்கிலாந்துல பிராட்ஃபோர்டு ஊர்ல நூல் ஆலை வச்சிருந்தவர்தான். லூர் இழுத்துக்கிட்டுப் போக வேண்டியது நரம்பை மட்டும். அதனால 3 கிராம், 5 கிராம்கூட தாராளமாப் போகும்.

பெய்ட்காஸ்டர்ல லூர் பறந்தா ஸ்பூலும் கூடவே சுத்தணும். சும்மா இருக்கிற ஸ்பூலைக் கிளப்பிவிடணும்னா லூர்ல கனம் வேணும். சாதாரண பெய்ட்காஸ்டர் 10 கிராமுக்கு மேலதான் ஒழுங்கா வேலை செய்யும். 7 கிராமுக்குக் கீழே எறியறதுக்குன்னே ஸ்பூலை மெல்லிசாக்கிச் செஞ்ச வகை தனியா இருக்கு. ராடையும் சேர்த்து 5,000-க்குள்ள அதை யோசிக்கவே வேணாம்.

ஜிலேபிக்கு ஒரு தக்கை, சின்ன ஈயக்குண்டு, முள்ளு, மண்புழு. எல்லாம் சேர்ந்து 4, 5 கிராம் வந்தாலே அதிகம். இதைப் பெய்ட்காஸ்டர்ல எறிஞ்சீங்கன்னா பத்தடி தாண்டாது, சிக்கும் விழும். நீங்க சொன்ன மூணு வேலையில ரெண்டு ஸ்பின்னிங் வேலை. அதனால முதல் செட்டு ஸ்பின்னிங்கா இருக்கட்டும்: 3000 சைஸ் ரீல், ஆறரை அடி மீடியம் ஹெவி (கொஞ்சம் விறைப்பான) ராடு, 30 பவுண்டு இழுவை தாங்குற பிரெய்டு (பின்னல் நரம்பு).

---

கண்மாய்க்கரை (தேவகோட்டை)

எடைக் கணக்கு முழுசும் சரி. ஆனா விராலுக்கு வந்தா எடைக்கு அடுத்தபடியா இன்னொரு கணக்கு இருக்கு. மீன் எதுக்குள்ள நிக்குதுங்கிறதுதான் அது.

ஐப்பசி, கார்த்திகையில கண்மாய் பெருகும். தை, மாசியில தண்ணி தெளிஞ்சு, பங்குனிக்குள்ள வத்த ஆரம்பிக்கும். விரால் வேட்டைக்கு ருசியான நாளெல்லாம் இந்த வத்துற காலம்தான். அப்பக் கரையோரம் என்ன இருக்கும்? அல்லி இலை, கோரை, ஆகாயத்தாமரை, தண்ணிக்குள்ள நிக்கிற சீமைக்கருவேல மூடு. விரால் காத்தைக் குடிக்கிற மீன். மேல வந்து ஒரு வாய் இழுத்துட்டு மறுபடி இலைக்கு அடியிலேயே போய் நிக்கும். தவளையை அது அடிச்ச உடனே தலையைக் கீழே குத்தி வேருக்குள்ள போகப் பார்க்கும். அந்த முதல் ரெண்டு மூணு விநாடியில அதோட தலையை மேல திருப்பிட்டீங்கன்னா மீன் உங்களுது. விட்டீங்கன்னா அல்லித்தண்டு பத்தும் கோரை இருபதும் நரம்புல சுத்திக்கிட்டு, ஒரு கிலோ மீன் அஞ்சு கிலோ மாதிரி கனக்கும். முள்ளும் கழண்டுரும்.

இந்த இடத்துலதான் பெய்ட்காஸ்டருக்கு வேலை. ரீல் ராடுக்கு மேல உக்காந்திருக்கு. நரம்பு ஸ்பூல்லருந்து நேரா வளையங்களுக்குள்ள போகுது, நடுவுல திரும்புறதே இல்லை. ஸ்பூலைக் கட்டைவிரலால அமுக்கிட்டு முழுப் பலத்தோட சுண்டலாம். ஸ்பின்னிங்ல நரம்பு, பெயில் கம்பி (ஸ்பூலைச் சுத்தி வந்து நரம்பை ஏத்துற வளைஞ்ச கம்பி) ஓரத்துல இருக்கிற சின்ன உருளை மேல ஏறி, கிட்டத்தட்ட செங்குத்தா திரும்பித்தான் ஸ்பூலுக்கு வருது. பலமா இழுக்கும்போது உருளையைத் தாங்குற கை நெளியும், ரீலோட காம்பும் வளையும். சுத்துற பலத்துல ஒரு பங்கு அங்கேயே போயிரும்.

ரெண்டாவது, குறி. அல்லி இலைக்கு நடுவுல அண்டா வாய் அளவுக்கு ஒரு வெற்றிடம் தெரியும். லூர் அதுல விழணும், விழுற சத்தமும் பொத்துன்னு கேக்கக் கூடாது. பெய்ட்காஸ்டர்ல லூர் பறக்கும்போதே கட்டைவிரலை ஸ்பூல் மேல பஞ்சு மாதிரி தொட்டுத்தொட்டு வேகத்தைக் குறைச்சு, கடைசி ஒரு அடியில நிறுத்தி இறக்கலாம்.

என் கணக்கு: 12லருந்து 15 கிராம் தவளை, 40 அல்லது 50 பவுண்டு பிரெய்டு, ஆறே முக்கால் அல்லது ஏழு அடி மீடியம் ஹெவி ராடு, நுனி மட்டும் வளையிற ஃபாஸ்ட் ஆக்‌ஷன். தவளைக்கு லீடர் (பிரெய்டுக்கும் லூருக்கும் நடுவுல கட்டுற தனி நரம்புத் துண்டு) வேணாம், பிரெய்டையே நேராக் கட்டலாம். இலை மேல வர்ற லூருக்கு மீன் கண்ணுல நரம்பு படாது. லீடர் முடிச்சு இருந்தா அதுல பாசிதான் தொத்தும்.

---

செம்மண்சீமை

கண்மாய்க்கரை அண்ணே சொன்ன நெளிவு உண்மைதான், மறுக்கலை. ஆனா ஸ்பின்னிங்ல விரால் ஏறாதுன்னு தம்பி நினைச்சுடக் கூடாது. 4000 சைஸ் எடுத்து, 40 பவுண்டு பிரெய்டு போட்டு, டிராக்கை (மீன் பலமா இழுத்தா நரம்பை விட்டுக்கொடுக்கிற பிரேக்கை) நல்லா இறுக்கினா நம்ம கண்மாயில கிடைக்கிற ரெண்டு கிலோ விராலை இலைக்குள்ளருந்து இழுத்துரலாம். மூணு விஷயம் மட்டும் கவனிக்கணும்.

தடிமனான பிரெய்டைச் சுட்டுவிரல்ல தாங்கி வேகமா எறியும்போது விரல் மடிப்பு அறுபடும். விரலுக்கு ஒரு உறையோ ரெண்டு சுத்து துணிப் பிளாஸ்திரியோ போடுங்க.

பெயில் கம்பியைக் கைப்பிடி சுத்தி மூடாதீங்க, கையால மூடுங்க. மூடின கையோடயே நரம்பை ஒரு இழுப்பு இழுத்து உருளை மேல சரியா உக்கார வைங்க. பிரெய்டுல காத்து முடிச்சு விழறதுக்குப் பாதிக் காரணம், எறிஞ்ச பிறகு தளர்ந்து தொங்குற நரம்பை அப்படியே சுத்துறது. அந்தத் தளர்ந்த வளையம் ஸ்பூல்ல உக்காந்திருக்கும், அடுத்த எறியில பின்னாடி வர்ற நாலு வளையத்தையும் சேர்த்துக் கிளப்பிக்கிட்டு வெளியே வரும்.

மூணாவது, சின்னத் தவளை. 6, 8 கிராம் தவளைக்குத்தான் விரால் அதிகமா வாய் திறக்கிற நாளும் உண்டு. வத்தின கண்மாயில சத்தம் ஆகாது. அந்த நாள்ல ஸ்பின்னிங் வச்சிருக்கிறவருக்குத்தான் எறிய முடியும்.

---

ரீல்பட்டறை

இரு அண்ணன்களும் சொன்னது சரி. வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில கணக்குகளை நான் சேர்க்கிறேன்.

கியர் விகிதத்தை (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ரீல் எத்தனை சுற்று என்பதை) மட்டும் பார்த்து 7.3:1 வேகம், 5.2:1 மந்தம் என்று முடிவு கட்ட வேண்டாம். பெய்ட்காஸ்டர் ஸ்பூல் சிறியது. நரம்போடு சேர்த்து விட்டம் 32 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 100 மி.மீ. 7.3 ஆல் பெருக்கினால் ஒரு கைச்சுற்றுக்கு 73 செ.மீ. நரம்பு ஏறும். ஸ்பின்னிங் ஸ்பூல் 47 மி.மீ. என்றால் சுற்றளவு சுமார் 148 மி.மீ. 5.2 ஆல் பெருக்கினால் 77 செ.மீ. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. தவளை லூரில் இலை மேல் தளர்ந்து கிடக்கும் நரம்பை உடனே அள்ள வேண்டும். ஆகவே ஒரு சுற்றுக்கு 70 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். பெரும்பாலும் பெட்டியின் பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும்.

அடுத்தது கைப்பிடிப் பக்கம். ஸ்பின்னிங்கில் கைப்பிடியைக் கழற்றி எந்தப் பக்கமும் மாட்டலாம். பெய்ட்காஸ்டரில் மாற்றவே முடியாது. வாங்கும்போது எந்தப் பக்கமோ, கடைசி வரை அந்தப் பக்கம்தான். வலது கையால் எறிபவர் இடப்பக்கக் கைப்பிடி உள்ளதை எடுத்தால், எறிந்த பிறகு ராடைக் கை மாற்ற வேண்டியதில்லை. விரால் லூர் விழுந்த நொடியிலேயே அடிக்கும். கை மாற்றும் நேரத்தில் அடி விழுந்தால் சுண்ட முடியாது.

ராடும் ரீலும் ஜோடி மாறக் கூடாது. ஸ்பின்னிங் ராடின் முதல் வளையம் பெரிதாக, உயரமாக இருக்கும். ஸ்பூலிலிருந்து அகலமாக வரும் நரம்பு வளையங்களை அது சுருக்கி அனுப்புகிறது. பெய்ட்காஸ்டர் ராடின் வளையங்கள் சிறியவை, பிடியில் விரல் கொக்கி இருக்கும். அதில் ஸ்பின்னிங் ரீலைத் தொங்கவிட்டால் நரம்பு முதல் வளையத்தில் அடித்து அடித்துப் பாதித் தூரத்தில் நின்றுவிடும்.

---

புதுத்தூண்டில்

நல்லாப் புரியுதுண்ணே. பெய்ட்காஸ்டர்னாலே சிக்கு விழும்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க. அது ஏன் விழுது? தடுக்க வழி இருக்கா, இல்ல பழகப் பழகத்தான் சரியாகுமா?

---

ரீல்பட்டறை

ஒரே காரணம்தான்: லூர் போகும் வேகத்தைவிட ஸ்பூல் சுற்றும் வேகம் கூடிவிடுகிறது. வெளியே போக முடியாத நரம்பு ஸ்பூல் மேலேயே பொங்குகிறது. உற்றுப் பார்த்தால் தெரியும். முதலில் ஸ்பூல் மேல் நரம்பு லேசாகப் பஞ்சடித்தது போல் எழும்பும். அடுத்த நொடி ஒரு வளையம் பின்னோக்கி மடங்கி அடுத்த சுற்றுக்கு அடியில் மாட்டும். அதன் மேல் இன்னும் பத்துச் சுற்று ஏறிவிடும். பஞ்சு எழும்பும் கட்டத்திலேயே விரலால் தொட்டுவிட்டால் அங்கேயே அடங்கும்.

தடுக்க இரண்டு திருகு, ஒரு விரல். முதலில் கைப்பிடிப் பக்கத்துச் சின்னத் திருகு. லூரைக் கட்டி ராடைக் கிடையாகப் பிடியுங்கள். இந்தத் திருகை இறுக்கிவிட்டு ஸ்பூல் பட்டனை அழுத்துங்கள், லூர் அசையாது. இனி மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். லூர் தானாக, நிதானமாக இறங்க வேண்டும். தரையைத் தொட்டதும் ஸ்பூல் ஒரு சுற்றுக்கு மேல் ஓடாமல் நிற்க வேண்டும். அதுதான் அந்த லூருக்கான அளவு. லூர் மாறினால் இதையும் மறுபடி வைக்க வேண்டும். 15 கிராமுக்கு வைத்ததை அப்படியே விட்டுவிட்டு 10 கிராம் எறிவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு.

பிறகு மறுபக்கத்துப் பிரேக். காந்த வகையில் 0 முதல் 10 வரை எண் இருந்தால் 8-இல் தொடங்குங்கள். சிக்கு இல்லாமல் இருபது எறி போனால் 7, அப்படியே ஒவ்வொன்றாகக் குறையுங்கள். மையவிலக்கு வகையில் பக்க மூடியைத் திறந்தால் சிறிய பிளாஸ்டிக் கட்டைகள் இருக்கும். முதலில் எல்லாவற்றையும் வேலை செய்யும் நிலைக்குத் தள்ளுங்கள், பிறகு எதிரெதிர் ஜோடியாக அணையுங்கள். ஒரு பக்கம் மட்டும் அணைத்தால் ஸ்பூல் அதிரும். மையவிலக்குப் பிரேக்கின் பிடி வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவது. ஆகவே எறிந்த தொடக்கத்தில் பலமாகப் பிடித்து, கடைசியில் ஏறக்குறைய விட்டுவிடும். காந்தம் சீராகக் கடைசி வரை கொஞ்சம் பிடித்துக்கொண்டே இருக்கும். கற்றுக்கொள்பவருக்குக் காந்தமே எளிது.

சிக்கு எங்கே விழுகிறது என்று பார்த்தால் காரணம் பிடிபடும். எறிந்த உடனே விழுந்தால் மணிக்கட்டை வெடுக்கென்று உதறியிருக்கிறீர்கள், அல்லது பிரேக் குறைவு. நடுவானில் விழுந்தால் காற்று, அல்லது லூர் இலேசு. தவளையின் கால் தொங்கல்கள் காற்றில் இழுபட்டு லூர் சட்டென்று மந்தமாகும், ஸ்பூலுக்கு அது தெரியாது. கடைசியில் விழுந்தால் லூர் தண்ணீரைத் தொடும் முன் விரல் வைக்கவில்லை. இதைப் பிரேக் கூட்டித் தீர்க்கப் பார்க்காதீர்கள், தூரம்தான் போகும். விரல்தான் பழக வேண்டும்.

விழுந்துவிட்ட சிக்கை வெறுமனே இழுக்க வேண்டாம். கட்டைவிரலால் சிக்கின் மேல் அழுத்திக்கொண்டு கைப்பிடியை இரண்டு சுற்று முன்னால் சுற்றுங்கள். பட்டனை அழுத்தி நரம்பை இழுங்கள். மடங்கிய வளையம் நழுவி வெளியே வரும். மூன்று நான்கு முறை இப்படிச் செய்தால் பெரும்பாலான சிக்கு கத்தரி இல்லாமல் தீரும்.

பழகுவதற்குப் பிரெய்டு வேண்டாம். 0.33 மி.மீ. தங்கூசி போடுங்கள், தடிமனான நரம்பில் சிக்கு எடுப்பது எளிது. வற்றிய கண்மாய்த் தரையில் 30 மீட்டர் நரம்பை இழுத்துவிட்டு, ஸ்பூலில் மிச்சமுள்ள நரம்பின் மேல் ஒரு துண்டு இன்சுலேஷன் டேப் ஒட்டி, மறுபடி சுற்றிக்கொள்ளுங்கள். எவ்வளவு பொங்கினாலும் டேப்புக்குக் கீழே சிக்கு இறங்காது. முள்ளில்லாத 15 கிராம் ஈயக்குண்டை எறியுங்கள். ராடு நுனிக்கும் குண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, கைப்பிடி வானத்தைப் பார்க்கும்படி ரீலைத் திருப்பிப் பிடிப்பது, பக்கவாட்டில் சீரான ஒரே வீச்சு. இருபது மீட்டரில் வைத்த கூடைக்குள் விழும்வரை தூரத்துக்கு ஆசைப்பட வேண்டாம்.

---

கண்மாய்க்கரை

ரீல்பட்டறை ஐயா சொன்னதோட ஒண்ணு: ஆடிக்காத்து நேரத்துல மேகாத்துக்கு எதிரா எறியாதீங்க. கண்மாயோட மேற்குக் கரைக்குப் போய் காத்து முதுகுல அடிக்கிற மாதிரி நின்னுக்கங்க. போக முடியலைன்னா பிரேக்கை ரெண்டு எண் கூட்டி, லூரைத் தாழ்வா, பக்கவாட்டுல விடுங்க.

அடி விழுந்த உடனே சுண்டவும் கூடாது. பெரும்பாலும் தவளை வாய்க்கு வெளியேதான் இருக்கும். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணி, ராடு நுனியைத் தாழ்த்தி, தளர்ந்த நரம்பைச் சுத்தி எடுத்து, கனம் கையில தட்டின பிறகு மேல்பக்கமா ஒரே சுண்டு. தவளைக்குள்ள தண்ணி ஏறியிருந்தா மூழ்கும், அப்பப்ப பிதுக்கி விடுங்க. முள்ளு ரெண்டும் ரப்பர் உடம்போட ரொம்ப ஒட்டிக் கிடந்தா குறடால ஆளுக்கு ரெண்டு மி.மீ. வெளியே விரிச்சுக்கலாம். அதுக்கு மேல விரிச்சா கோரையெல்லாம் தொத்தும்.

---

கோட்டையூர்அக்கா

குறுக்கே கேக்கிறேன். பையனுக்கு 12 வயசு. ஸ்பின்னிங் 2500 ரீல், 0.28 தங்கூசி. ஒரு மாசத்துலயே நரம்பு ஸ்பிரிங் மாதிரி சுருண்டுக்கிட்டு ராடு நுனியில சுத்திக்குது. ரீல் கோளாறா, நரம்பு கோளாறா? இதுக்குப் பேசாம பெய்ட்காஸ்டரே வாங்கிக் கொடுத்துடலாமா?

---

செம்மண்சீமை

அக்கா, ரெண்டும் கோளாறு இல்லை, நரம்புல முறுக்கு ஏறியிருக்கு. ஸ்பின்னிங்குக்கே உரிய குறை இது. கெண்டை இழுத்துக்கிட்டு ஓடும்போது டிராக் கிர்ர்னு விடும் பாருங்க, அந்த நேரத்துல பையன் கைப்பிடியைச் சுத்திக்கிட்டே இருப்பார். நரம்பு உள்ளே வராது, ஆனா ஒரு கைச்சுற்றுக்கு அஞ்சு முறுக்கு ஏறும். டிராக் சத்தம் கேட்டா கையை நிறுத்தணும். மீன் நின்ன பிறகு ராடைத் தூக்கி, இறக்கும்போது சுத்தணும். இதை மட்டும் சொல்லிக்கொடுங்க.

நரம்பு ஏத்தும்போதும் முறுக்கு ஏறும். நரம்புச் சுருளைத் தரையில படுக்க வச்சு, பத்துப் பதினஞ்சு சுத்து ஏத்திட்டு, நரம்பைத் தளர விட்டுப் பாருங்க. சுருண்டா சுருளைத் தலைகீழாப் புரட்டிப் போடுங்க.

இப்ப ஏறியிருக்கிறதை எடுக்க: நுனியில முள்ளு, ஈயம், சுழல்வளையம் எதுவும் இல்லாம, கரை மேல அறுபது எழுபது மீட்டர் நரம்பை இழுத்துக்கிட்டு நடக்கச் சொல்லுங்க. நுனி சும்மா கிடக்கணும். ஈரத்துணியில நரம்பை லேசாப் பிடிச்சு அழுத்தத்தோட சுத்துங்க. ரெண்டு தடவை செஞ்சும் சுருண்டா நரம்பை மாத்திடுங்க.

பெய்ட்காஸ்டர்ல இந்த முறுக்கு கிடையாது, அது உண்மை. ஆனா 12 வயசுக் கைக்கு ஸ்பின்னிங்தான் நல்லது. அன்னிக்கு முழுக்க சிக்கு எடுத்துக்கிட்டு உக்காந்தா பிள்ளைக்கு மீன்பிடியே வெறுத்துரும்.

---

தொண்டிக்கடல்

கடல் பத்தி யாரும் சொல்லலை. தொண்டி, மீமிசல் பக்கம் பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். கரையோரம் கடல்புல்லும் சேறும் நெடுந்தூரம் போகும். கரையில நின்னு எறியறவங்களுக்குத் தூரம் வேணும், காத்தும் விடாது. அங்க யோசனையே வேணாம், ஸ்பின்னிங்தான்: 4000 அல்லது 5000 சைஸ், எட்டடி ராடு, 20 பவுண்டு பிரெய்டு, ஒன்றரை மீட்டர் 30 பவுண்டு லீடர், 10லருந்து 28 கிராம் லூர். ஊளி இருக்கிற இடம்னா நுனியில ஒரு சாண் வயர் வேணும், இல்லைன்னா பல்லு பட்ட உடனே லூர் போயிரும். கொடுவாவுக்கு வயர் வேணாம், லீடரைத் தடிமனாக்குங்க. அதோட செவுள் மூடி கத்தி மாதிரி அறுக்கும். படகுல நின்னு நேரா அடியில இறக்குறவங்க மட்டும் பெய்ட்காஸ்டர் வச்சுக்கலாம். விரலாலயே நிறுத்தி ஆழத்தைச் சரிபார்க்க வசதி.

ராத்திரி மீன்பிடிக்கும் ஸ்பின்னிங்தான். இருட்டுல பெய்ட்காஸ்டர் சிக்கைக் கையால தடவி எடுக்க முடியாது.

கண்மாய் ரீலைக் கடலுக்குக் கொண்டு போறவங்க உப்பை மறக்காதீங்க. அலுமினிய உடம்புல துருப்பிடிக்காத எஃகு திருகு, ரெண்டுக்கும் நடுவுல உப்புத்தண்ணி. ஒரு சின்ன பேட்டரி ஆயிருச்சு. அரிபடறது அலுமினியம். திருகைச் சுத்தி வெள்ளைப் பொடி பூத்திருந்தா அதுதான். நம்ம காரைக்குடியில 1953-லருந்து நடக்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு மண்டபத்துல அரிமானச் சோதனைக்கூடமே இருக்கு. அந்த அளவுக்கு இரும்பைத் தின்னுற கடல் இது. திருகு மரையில ஒரு பொட்டு கிரீஸ் வச்சு மாட்டுங்க. வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கிட்டு, நல்ல தண்ணியை மெதுவா ஊத்திக் கழுவுங்க. குழாய்ல பீய்ச்சாதீங்க, உப்பு உள்ளே போயிரும். துடைச்சு நிழல்ல காயவச்சு, டிராக்கைத் தளர்த்தி வைங்க.

---

ரீல்பட்டறை

கண்மாய்ப் பக்கம் உப்புக்குப் பதில் செம்மண் புழுதி. பெய்ட்காஸ்டரில் நரம்பை இடம் வலமாக ஓட்டும் திருகுதண்டு வெளியே திறந்தே இருக்கும். எண்ணெய்ப் பசையில் செம்மண் ஒட்டி அரம் போல் அறுக்கும். பழைய பல்துலக்கியால் துடைத்துவிட்டு ஒரே ஒரு சொட்டு எண்ணெய். ஸ்பூல் பேரிங்குக்கும் ஒரு சொட்டு இலேசான எண்ணெய்தான். கிரீஸ் வைத்தால் எறியும் தூரம் செத்துவிடும். கிரீஸ் பற்சக்கரங்களுக்கு மட்டும். ஸ்பின்னிங்கில் கவனிக்க வேண்டியது உருளை. அது சுற்றாமல் நின்றுவிட்டால் பிரெய்டு ஒரே இடத்தில் உரசிப் பள்ளம் விழும். நகத்தை வைத்து உருட்டிப் பார்த்தாலே தெரியும்.

---

புதுத்தூண்டில்

முடிவு பண்ணிட்டேன். முதல்ல ஸ்பின்னிங் 4000, ஏழடி மீடியம் ஹெவி. அடுத்த வருஷம் 12 கிராமுக்கு மேல எறிய மட்டும் பெய்ட்காஸ்டர் தனியா. கடைசியா ரெண்டு சந்தேகம். பிரெய்டு 100 மீட்டர்தான் வாங்க முடியும், ஸ்பூல் நிறையுமா? டிராக்கை எவ்வளவு இறுக்கணும்?

---

கண்மாய்க்கரை

நல்ல முடிவு தம்பி. எறியறதுக்கு முன்னாடி ஒண்ணு. கண்மாய் மீன்பாசி ஏலம் போயிருக்கும். குத்தகைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு இறங்குங்க. குடிதண்ணி ஊருணிப் பக்கம் தூண்டிலே கொண்டு போக வேணாம். மழைக்காலத்துல தண்ணி மேல செங்கல் நிறத்துல குஞ்சுக் கூட்டம் கொப்பளிச்சுக்கிட்டு நின்னா, அடியில தாய்மீன் காவல் நிக்குதுன்னு அர்த்தம். அந்த நேரம் எதைப் போட்டாலும் அடிக்கும். அதைத் தூக்கிட்டா அந்தக் குஞ்சு அத்தனையும் மத்த மீனுக்கு இரையாயிரும். அந்த இடத்தை விட்டு நகர்ந்துருங்க.

---

ரீல்பட்டறை

ஸ்பூல் நிரப்பும் கணக்கு: ஸ்பூலில் 0.30 மி.மீ. நரம்பு 180 மீட்டர் என்று போட்டிருந்தால், நீங்கள் வாங்கும் பிரெய்டு 3-ஆம் எண் (தடிமனைக் குறிக்கும் எண்) என்றால் அதன் தடிமன் 0.285 மி.மீ. இரண்டின் இருமடிகளை வகுத்தால் 0.9 வரும். அதாவது 100 மீட்டர் பிரெய்டு, 90 மீட்டர் தங்கூசியின் இடத்தைப் பிடிக்கும். மிச்சம் 90 மீட்டருக்கு 0.30 தங்கூசியை அடியில் சுற்றிவிட்டு, அதன் மேல் பிரெய்டைக் கட்டுங்கள். அடியில் தங்கூசி இல்லாமல் பிரெய்டை நேரே கட்டினால் மொத்தச் சுற்றும் ஸ்பூலில் வழுக்கும். டிராக் கெட்டுவிட்டது என்று ஏமாறுவீர்கள். விளிம்புக்குக் கீழே ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. காலியாக விடுங்கள். விளிம்பு வரை நிரப்பினால் வளையம் வளையமாகச் சரியும், குறைவாக நிரப்பினால் தூரம் போகாது.

டிராக்: கடலிலும் கெண்டைக்கும் நரம்பின் பலத்தில் மூன்றில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை. 20 பவுண்டு என்பது 9 கிலோ, ஆகவே இரண்டேகால் முதல் 3 கிலோ. கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிட வேண்டாம். கொக்கித் தராசை நரம்பு நுனியில் மாட்டி, ராடை மீன் பிடிக்கும் சாய்வில் பிடித்து, வேறொருவர் தராசை இழுக்கட்டும். டிராக் விடத் தொடங்கும் எண்ணைப் பாருங்கள். வளையங்களில் உரசும் உரசலும் அதில் சேர்ந்துவிடும். தவளை லூருக்கு 40 பவுண்டு பிரெய்டில் 5 கிலோ வரை இறுக்கலாம், ராடு தாங்குமா என்பதை ராடில் எழுதியுள்ள நரம்பு அளவோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். அன்றைய மீன்பிடி முடிந்ததும் திருகைத் தளர்த்திவிடுங்கள், அடுத்த முறை தராசில் மறுபடி வைத்துக்கொள்ளலாம்.